இறந்த நட்சத்திரங்களும் அரை அங்குலத் துளையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் பிரபஞ்சத் தோற்றம் பற்றி ஒரு கட்டுரை. நடுவே பெட்டி கட்டித் தடித்த எழுத்தில் ஒரு வாக்கியம்: "இரவில் நாம் பார்க்கும் நட்சத்திரங்களில் பெரும்பாலானவை எப்போதோ இறந்துபோனவை." படித்தால் புல்லரிக்கிறது. உண்மையில்லை என்பது ஒன்றுதான் குறை.

ஒளி வந்து சேர நேரமாகும் என்பது சரி. அதனால் புறப்பட்ட இடமே இல்லாமல் போயிருக்கும் என்பது எந்தக் கணக்கு? மேட்டூரில் மதகைத் திறந்தால் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாளாகிறது. வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்கு அதற்கு மேலும் பல நாள். வாய்க்காலில் தண்ணீரைக் கண்டதும் "மேட்டூர் அணை இந்நேரம் இடிந்திருக்கும்" என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொன்னதில்லை. அணை 1934-லிருந்து நிற்கிறது. பயணம் எத்தனை நாள், ஆயுள் எத்தனை ஆண்டு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவே.

நட்சத்திரத்துக்கும் அதே கணக்குதான். வெறுங்கண்ணுக்குத் தெரிபவை, நல்ல இருட்டில், வானம் முழுவதற்கும் சில ஆயிரம். ஏறத்தாழ எல்லாமே சில ஆயிரம் ஒளியாண்டுத் (ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரம்) தொலைவுக்குள். ஆயுளோ, அற்பாயுசுக்காரருக்கே பல லட்சம் ஆண்டுகள். சூரியன் வகைக்கு ஏறத்தாழ 1000 கோடி. அதில் நம் சூரியன் கழித்தது 460 கோடி. தை பிறந்து மேகமும் விலகிவிட்டது, தாங்களே மொட்டைமாடி ஏறிப் பார்க்கலாம். இரவு எட்டு மணிக்கு உச்சியை ஒட்டிக் கொத்தாகத் தெரியும் கார்த்திகையின் ஒளி சுமார் 440 ஆண்டுப் பழசு, தஞ்சையில் நாயக்கர்கள் ஆண்டபோது புறப்பட்டது. அந்தக் கூட்டத்தின் வயது ஏறத்தாழ 10 கோடி ஆண்டு. தென்கிழக்கில் பளிச்சிடும் சீரியஸ் 8.6 ஒளியாண்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த காலத்து ஒளி. சாகப்போவதைத்தான் காட்ட வேண்டுமென்றால் சிவந்த திருவாதிரையைக் காட்டலாம். அது வெடிக்க இன்னும் ஒரு லட்சம் ஆண்டுகூட ஆகலாம். ஒளி வந்து சேர எடுப்பது ஐந்நூறு முதல் எழுநூறு ஆண்டு. அதுவே இன்று உயிரோடு இருக்கத்தான் வாய்ப்பு மிக அதிகம்.

அதே கட்டுரையில் "37 ஒளியாண்டுகளுக்கு முன்பு" என்றும் வருகிறது. ஒளியாண்டு என்பது தூரம், 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். "40 கிலோமீட்டருக்கு முன்பு கும்பகோணத்தில் விபத்து" என்று நிருபர் எழுதி அனுப்பினால் அச்சேற்றுவீர்களா?

படமும் அப்படியே. இருட்டின் நடுவில் தீபாவளி அணுகுண்டு வெடித்துச் சிதறுகிறது. பெருவெடிப்பு என்ற சொல்லே அந்தப் படத்தை இழுத்துக்கொண்டு வருகிறது. சொல்லை இனி மாற்ற முடியாது, படத்தையாவது மாற்றலாம். 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது விண்வெளியே விரிந்த விரிவு. அதற்கு நடுவும் கிடையாது, ஓரமும் கிடையாது. முதல் 3.8 லட்சம் ஆண்டு வரை எல்லாம் சூடான மூட்டம். ஏறத்தாழ 3000 டிகிரிக்கு ஆறியபோது எலக்ட்ரான்கள் அணுக்கருவோடு சேர்ந்தன, ஒளிக்கு வழி கிடைத்தது. அந்த ஒளிதான் இன்று நுண்ணலையாக வருகிறது. 1964-65ல் அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்ற இரு ஆய்வாளர்கள் ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே இரைச்சல். புறா எச்சத்தைச் சுரண்டிப் பார்த்தும் போகவில்லை. அந்த இரைச்சல்தான் இந்த ஒளி. ஓரிடத்தில் வெடித்திருந்தால் ஒரு பக்கமிருந்துதானே வரவேண்டும்? தாங்கள் அறியாததல்ல.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். 'செய்து பாருங்கள்' பகுதியைத்தான் விட முடியவில்லை. நிறமாலை, அதாவது ஒளி பிரிந்து விழும் நிறப்பட்டை, பார்க்கும் பெட்டிக்கு "அரை அங்குலத் துளை போடவும்" என்றிருக்கிறது. துளை வழியே வானவில் தெரியும், கோடு ஒன்றும் தெரியாது. நட்சத்திரத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வது அந்தக் கோடுகள்தான். வேண்டியது துளையல்ல, பிளவு. சவரப் பிளேடை இரண்டாக ஒடித்து, கூர்ப் பக்கங்களை எதிரெதிரே வைத்து, இடையில் நோட்டுத் தாளை இரண்டாக மடித்துச் செருகி ஒட்டிவிட்டுத் தாளை உருவினால் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். செருப்புப் பெட்டியின் ஒரு முனையில் அதைப் படுக்கைவாட்டில் வைத்து, எதிர்முனையில் சிடியை ஏறத்தாழ 60 டிகிரி சாய்த்து, அதற்கு நேர் மேலே பார்க்க ஓட்டை போட வேண்டும். பிளவைச் செங்குத்தாக வைத்தால் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். உட்புறம் கறுப்புத் தாள் ஒட்டாவிட்டால் வெளிச்சம் எதிரொளித்துக் கோடுகளை விழுங்கிவிடும்.

குழல் விளக்கைக் காட்டினால் பாதரசத்தின் பச்சைக் கோடு கத்தி மாதிரி நிற்கும். எல்இடி பல்பில் கோடே இராது, தொடர்ந்த பட்டைதான். ஈரக் கம்பியில் ஒரு சிட்டிகை வேதாரண்யத்து உப்பை எடுத்து ஸ்பிரிட் விளக்கின் சுவாலையில் காட்டினால் 589 நானோமீட்டரில் மஞ்சள் கோடு. வெயில் பட்ட வெள்ளைச் சுவரைப் பார்த்தால் அதே இடத்தில் கறுப்புக் கோடு. வேதாரண்யத்து உப்பிலுள்ள சோடியம் சூரியனிலும் இருக்கிறது என்று பிள்ளை தானே கண்டுகொள்ளும். தங்கள் கட்டுரையோ பெட்டியைச் "சூரியனை நோக்கித் திருப்பவும்" என்கிறது. கண் போய்விடும், ஐயா.

அடுத்த மாதம் 28-ஆம் தேதி அறிவியல் நாள். வானம் நீலமாக இருப்பதன் காரணத்தைக் கண்டுபிடித்தவர் ராமன் என்று தாங்கள் ஆண்டுதோறும் போட்டுவருகிறீர்கள். அது ஆங்கிலேய இயற்பியலர் ரேலியுடைய கணக்கு. ராமன் 1928-ல் கண்டது, சிதறும் ஒளியில் கோடியில் ஒரு பங்கு அளவுக்கு அலைநீளம் மாறுவதை. திருவானைக்காவலில் பிறந்தவருக்கு டெல்டா பதிப்பிலாவது அவர் செய்ததை எழுதலாம். இதற்கென இரண்டு அஞ்சலட்டை போட்டாயிற்று; சேர்ந்திருக்கும், மேட்டூர்த் தண்ணீரைப் போல.

கேட்பது இரண்டே வரித் திருத்தம். பெட்டி கட்ட வேண்டாம், தடித்த எழுத்தும் வேண்டாம். "துளை அரை அங்குலம் அல்ல, 0.2 மில்லிமீட்டர் பிளவு. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது." இடம் இருந்தால் நட்சத்திரங்களுக்கும் உயிர் கொடுங்கள்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் (ஓய்வு),
திருத்துறைப்பூண்டி