மேசைமலையும் ஒரு கிணறும்

கேப் டவுன்,
ஜனவரி 19

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். இங்கே ஜனவரிதான் கோடை, அம்மாவிடம் சொல்லுங்கள், ஸ்வெட்டர் அனுப்ப வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒருவழியாக மேசைமலை ஏறிவிட்டேன். உச்சி 1086 மீட்டர். கீழிருந்து பார்த்தால் மரம் அறுக்கும் வாளால் நறுக்கியது போலத் தட்டையாக இருக்கும். பிளாட்டெக்லிப் என்ற பிளவு வழியே முழுக்கக் கல்படிதான். பாதி வழியில் முழங்கால் நடுங்கியது. ஓரமாகக் கசியும் ஓடைத் தண்ணீர் கருப்பட்டிக் காப்பி நிறம். அழுக்கில்லை, மேலே இருக்கும் செடிகளின் சாறாம்.

கிணறு வெட்டும்போது செம்மண், சரள், சுக்கான், பாறை என்று வரிசையாகச் சொல்வீர்களே, அதை வெளியே திருப்பிப் போட்டால் இந்த மலை. சாப்மன்ஸ் பீக் என்ற கடற்கரைச் சாலையில் அது இன்னும் தெளிவாகத் தெரியும். கீழே நம் ஊர் மாதிரிக் கருங்கல், சுமார் 54 கோடி வருடப் பழசு. அதன் மேல் அடுக்கடுக்காக மணற்கல். இரண்டும் சேரும் கோட்டின் ஓரமாகவே சாலையை வெட்டியிருக்கிறார்கள்.

நீங்கள் நம்ப மாட்டீர்கள், இங்கே தோற்பது கருங்கல்தான். மழையிலும் காற்றிலும் அது உதிர்ந்து சரிவாகிவிடுகிறது. மேலே இருக்கும் மணற்கல்லில் ஏறக்குறைய எல்லாமே வெள்ளைக்கல் மணல், இறுகிப்போய்ச் செங்குத்தாக நிற்கிறது. அடுக்குகள் சாயாமல் படுத்திருப்பதால்தான் உச்சியும் தட்டை. கருங்கல்லுக்குத்தான் கூலி அதிகம் என்று சொல்லும் உங்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஏறினேன்.

உச்சியில் ஒரு பிராணி, பெருச்சாளியைவிடப் பெரிது, வால் கிடையாது. வெயில் காய்ந்துகொண்டு என் சாப்பாட்டுப் பையையே பார்த்தது. டாஸி என்கிறார்கள். அம்மா வாசிக்கும் நீதிமொழிகளில் வருகிற குழிமுசல் இந்த இனம்தான். யானைக்கு நெருங்கிய சொந்தமாம்! அம்மா சிரிப்பாள்.

மதியம் தென்கிழக்குக் காற்று கிளம்பியது. கடல் ஈரம் மலையேறிக் குளிர்ந்து மேகமாகி, விளிம்பில் பால் பொங்கி வழிவது போல இறங்கும். பாதியிலேயே சூடேறிக் காணாமல் போகும். மேசைவிரிப்பு என்பார்கள். அழகுதான், ஆனால் காற்று வலுத்ததும் ரோப் காரை நிறுத்திவிட்டார்கள். இறங்கப் பணம் எடுத்து வைத்திருந்த நான் அத்தனை படியும் நடந்தே இறங்கினேன். இரண்டு நாள் மாடிப்படியில் பக்கவாட்டில்தான் இறங்க முடிந்தது.

உங்களுக்காக ஒரு சில்லு எடுக்கக் கை போனது. தேசியப் பூங்கா, கல்லை எடுக்கக் கூடாது. அதனால் அந்தச் சாலையோரக் கோட்டின் படம் மட்டும் வைத்திருக்கிறேன். சுக்கான் முடிந்து பாறை தொடங்குகிற இடத்தில்தான் ஊற்று இருக்கும் என்பீர்களே, படத்தில் எங்கே கசியும் என்று பார்த்து எழுதுங்கள்.

உங்கள் மகள்,
ஜெபா