தரையை உடைக்கும் முன்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வீட்டில் பேரனோடு இருந்துவிட்டு நல்லபடியாகக் கோவை திரும்பியதில் எங்களுக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். வசந்தாவுக்கு முழங்கால் வலி குறைந்து, மாலையில் நடக்கப் போகிறாள்.

பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் ஒரே நாற்றம் என்று எழுதியிருந்தாய். வந்து பார்த்த பிளம்பர் இரண்டு குளியலறைத் தரையையும் உடைக்க வேண்டும் என்கிறாராமே! அவசரப்படாதே சேகர். நாற்றம் எந்த ஓட்டையிலிருந்து வருகிறது என்று தெரிகிறவரை ஒரு டைல்ஸில்கூடக் கைவைக்க விடாதே. ஓய்வூதியக் காசு அது.

நாற்றம் தண்ணீரிலா, கழிவுநீர்க் குழாயிலா என்று தெரிய, முதலில் ஒரு டம்ளரில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வாசலுக்குக் கொண்டுபோய் முகர்ந்து பார். அங்கே வாடை இல்லையென்றால் தண்ணீர்மேல் குற்றமில்லை. குழாயைத் திறந்ததும் கீழே வேஸ்ட் பைப்பில் இருக்கும் காற்று மேலே கிளம்புகிறது, நாம் தண்ணீரைச் சந்தேகப்படுகிறோம். ஒரே வாடையில் இருந்தால் மூக்கும் பழகிவிடும். அதனால் பக்கத்து வீட்டுக்காரரையும் முகரச் சொல்.

உன் வீட்டில் எனக்கு முதல் சந்தேகம் ஃப்ளோர் ட்ராப் மேல்தான், குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்கும் இடம். ஜாலிக்கு அடியில் வளைவாக இருக்குமே, அதில் சுமார் 50 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடைக் காற்றை வீட்டுக்குள் விடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். மாதக்கணக்கில் யாரும் குளிக்காத அறையில் அது ஆவியாகிப் போகும். ஒவ்வொரு ட்ராப்பிலும் அரை வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துப் பார். பல வீடுகளில் வேலை அதோடு முடிந்துவிடும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தண்ணீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டுவிட்டுப் போ. அவ்வளவு சீக்கிரம் வற்றாது.

ஊற்றியும் மறுபடி நாற்றம் வந்தால், மாடியில் ஃப்ளஷ் செய்யும்போது கீழே ட்ராப் களக் களக்கென்று சத்தம் போடுகிறதா என்று கேள். போட்டால் வென்ட் பைப், அதாவது கழிவுக் குழாய்க்குக் காற்று வர மாடிக்கு மேலே நீட்டிவிட்ட பைப், அடைத்திருக்கலாம். அதன் மேல்நுனியில் பறவைக் கூடோ சருகோ இருந்தால் காற்று வர வழியில்லாமல், ஃப்ளஷ் தண்ணீர் இறங்கும்போது ட்ராப்பில் நிற்கும் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிவிடும். வாஷிங் மெஷின் ஹோஸை ட்ராப் இல்லாத பைப்பில் நேராகச் சொருகியிருக்கிறார்களா என்றும் பார். வாஷ்பேசினில் முடியும் சோப்பும் சேர்ந்த வழவழப்பு இருந்தால் பிரஷ் போட்டுத் தேய்த்தாலே போதும்.

டம்ளரிலேயே அழுகிய முட்டை வாடை அடித்தால் கதை வேறு. சுடுதண்ணீரில் மட்டும் என்றால் கீசர்தான் காரணம். காற்றில்லாத இடத்தில் வளரும் ஒருவகை பாக்டீரியா, தண்ணீரிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகிறது. கீசருக்குள் துருப்பிடிக்காமல் இருக்க வைத்திருக்கும் மெக்னீசியம் ராட் அதற்குத் துணைபோகிறது. சூட்டை 60 டிகிரிக்கு மேல் வைத்துச் சில மணி நேரம் கழித்துத் தண்ணீரை வெளியேற்று. சரியாகாவிட்டால் அலுமினியம்-துத்தநாக ராட் மாற்றச் சொல். ராடே வேண்டாம் என்று கழற்றிவிட்டால் டேங்க் அரித்துவிடும். பச்சைத்தண்ணீரிலும் அதே வாடை, கொஞ்ச நேரம் ஓடவிட்டதும் போய்விடுகிறதென்றால், மாடி டேங்கையும் குழாய்களையும் கழுவிக் குளோரின் போட வேண்டும். ஓடவிட்டும் போகவில்லையென்றால் போர் தண்ணீரிலேயே இருக்கிறது.

நான் பயப்படுவது இன்னொன்றுக்கு. மாநகராட்சித் தண்ணீர் வரும் நேரத்தில் முதலில் கலங்கலாக, சாக்கடை வாடையோடு வந்தால் வெளியே எங்கோ கழிவுநீர் கலக்கிறது. அதைக் குடிக்காதே, சம்ப்பிலும் (தரைக்கடித் தொட்டியிலும்) விடாதே. உடனே புகார் கொடுத்து, தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பு. ஹைட்ரஜன் சல்பைடு குப்பிச் சோதனை ஒன்று உண்டு. 1982-இல் குவாலியரில் நம் நாட்டு விஞ்ஞானிகள் உருவாக்கியது. குப்பியில் தண்ணீரை ஊற்றி வைத்து, ஓரிரு நாளில் அது கறுத்தால் மலக் கலப்பு இருக்கலாம் என்று அர்த்தம். ஏற்கனவே சல்பைடு உள்ள போர் தண்ணீரிலும் கறுக்கும் என்பதால், அதற்கு ஆய்வகச் சோதனைதான் சரி.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நாற்றம் போக வேண்டுமென்று ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே ஓட்டையில் ஊற்றிவிடாதே. குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. செப்டிக் டேங்க்கைப் பார்க்க யாரையும் உள்ளே இறக்கவும் கூடாது. லாரி வைத்து உறிஞ்சச் சொல்.

எந்தக் குழாயில், எந்த நேரத்தில், சுடுதண்ணீரிலா பச்சைத்தண்ணீரிலா என்று பார்த்து எழுது. பிளம்பரிடம் அடுத்த வாரம் வரச் சொல்லிவிடு. தங்கைக்கும் பேரனுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

அன்புடன்,
ராமு