சக்கர நாற்காலி டென்னிஸ் பெண்களுக்கு இன்னும் 16 இடம் வேண்டும்

டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாம்களை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். பெண்கள் சக்கர நாற்காலி டென்னிஸை விடாமல் பார்த்துவரும் ரசிகை நான். கேட்க வந்தது ஒன்றுதான்: ஒற்றையர் பிரிவில் 32 பேரை ஆடவிடுங்கள்.

பல ஆண்டுகள் எட்டுப் பேருக்குத்தான் இடம் கொடுத்தீர்கள். 2022இல் அமெரிக்க ஓப்பன் அதை 16 ஆக்கியது. மற்றவர்களும் பிறகு கூட்டினீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்கில் 32 பெண்கள் ஆடுகிறார்களே, உங்களிடம் ஏன் பாதி?

அந்த அளவுக்குத் தரமானவர்கள் இல்லை என்று சிலர் சொல்வதுண்டு. நெதர்லாந்தின் எஸ்தர் வெர்கீர் 2003 முதல் 2013இல் ஓய்வு பெறும்வரை தொடர்ந்து 470 ஒற்றையர் ஆட்டங்களை வென்றதைக்கூட இதற்குச் சாட்சியாகக் காட்டுவார்கள். அவருடைய திறமையைக் குறைத்துப் பேசுகிற வாதம் அது. சரி, அப்புறம் என்ன நடந்தது? 1992 முதல் டோக்கியோ வரை பாராலிம்பிக் பெண்கள் ஒற்றையர் தங்கம் ஒவ்வொரு முறையும் நெதர்லாந்துக்கே போனது. 2024 பாரிஸ் இறுதி ஆட்டத்தில் ஜப்பானின் யூய் கமிஜி முதல் செட்டை இழந்தும் நெதர்லாந்தின் டீடெ டி குரூட்டை 4-6, 6-3, 6-4 என்று வென்றார். தென்னாப்பிரிக்காவின் கோதாட்சோ மொண்ட்ஜானே 2021இல் விம்பிள்டன் இறுதிவரை வந்தார்.

இந்த ஆட்டத்தைத் தனியாகப் பயிற்சி செய்து மட்டும் கற்றுவிட முடியாது. ராக்கெட் பிடித்த கையாலேயே சக்கரத்தையும் தள்ள வேண்டும். பக்கவாட்டில் ஓர் அடிகூட நகர முடியாது. அதனால் அடித்த கையோடு வலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, நாற்காலியை நிற்கவிடாமல் சுழற்றியபடியே அடுத்த பந்துக்கு வருகிறார்கள். திருப்பி அடிக்குமுன் பந்து தரையில் இரண்டு முறை எகிறலாம், இரண்டாவது எகிறல் கோட்டுக்கு வெளியே விழுந்தாலும் சரி. முதல் எகிறலிலேயே எடுப்பதா, பின்வாங்கிக் காத்திருப்பதா என்பதைக் கண நேரத்தில் முடிவு செய்ய வேண்டும். வேகமாக அடிக்கும் எதிராளியோடு திரும்பத் திரும்ப மோதினால்தான் அது கைவரும். தரவரிசையில் 20ஆம் இடத்தில் இருப்பவருக்கு அந்த எதிராளி எங்கே கிடைப்பார்?

2024இல் பாராலிம்பிக் தேதியோடு மோதியதால் அமெரிக்க ஓப்பனில் சக்கர நாற்காலிப் போட்டியே நடக்கவில்லை. தேதி மோதினால் வேறொரு வாரத்தில் நடத்துங்கள், கைவிடாதீர்கள்.

நான் கேட்பது கூடுதலாக ஒரு சுற்று, 16 ஆட்டங்கள். எந்த ஆண்டு முதல் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டென்னிஸ் ரசிகை