பாட்டி வேஷம்

குவின்சி, மாசசூசெட்ஸ்
செப்டம்பர் 14

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்தியைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டால் சாயந்திரம் வரை இந்த வீட்டில் நான்தான் மகாராணி, அதனால் நேரமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல்தான் தள்ளிப்போட்டேன். நல்லவேளையாக அதற்கு ஒருத்தி கிடைத்தாள். கடிதம் முழுக்க அவள் கதைதான் வரப்போகிறது, பொறுத்துக்கொள்.

முதலில் உன் முழங்கால். டாக்டர் சொன்னால் செய்துகொள். என் நாத்தனார் போன வருஷம் இரண்டு காலிலும் மாற்றிக்கொண்டு இப்போது மாடிப்படி ஏறுகிறாள். பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய், இருக்கத்தான் செய்யும். நான் சொல்லப்போகிறவள் 1920இல், மயக்க மருந்தெல்லாம் இன்றைக்குப் போல இல்லாத காலத்தில், சிகாகோவில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்து, நன்றாக இருந்த இரண்டு காலையும் தானே சொல்லி உடைக்கச் சொன்னவள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அப்புறம் அந்தக் கடைசிப் பக்கம். உன் அக்கா பேரனின் சிநேகிதன் ஏதோ குறும்படம் எடுக்கிறான், பாட்டி வேஷத்துக்கு உன்னைக் கூப்பிடுகிறான். நீ எழுதியது வரிக்கு வரி மனப்பாடமாகிவிட்டது எனக்கு: ‘நாற்பத்தைந்து வருஷமாக ஒருத்தரும் கூப்பிடவில்லை. கிழவியான பிறகுதான் என் முகம் ஞாபகம் வந்ததா?’ படித்துவிட்டு முதலில் சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை.

இந்த ஊரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் இல்லையா? பாஸ்டனுக்குத் தெற்கே, ரெட் லைன் ரயிலில் ஏறினால் அரை மணிக்குள் வந்துவிடலாம். ஜான் ஆடம்ஸ், அவர் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ் என்று அப்பாவும் பிள்ளையுமாக இரண்டு ஜனாதிபதிகள் பிறந்த ஊர். அதைத் திரும்பின பக்கமெல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள். டங்கின் டோனட்ஸ் முதல் கடையும் இங்கேதான். என் மாப்பிள்ளைக்கு ஜனாதிபதிகளைவிட அதில்தான் பெருமை. நான் சாயந்திரம் நடக்கப் போகும் மெரிமவுண்ட் பூங்காவில் ஒரு திறந்தவெளி மேடை இருக்கிறது. ரூத் கார்டன் என்று அதற்குப் பெயர். யாராவது பணக்காரி நன்கொடை கொடுத்திருப்பாள் என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு இங்கே இருக்கிற தாமஸ் கிரேன் நூலகத்தில் கேட்டபோதுதான், நடிகை என்று தெரிந்தது. அவள் படங்களின் டிவிடிகளையும் அவளே எழுதிய சுயசரிதையையும் கட்டிக் கொடுத்தார்கள். மூன்று வாரமாக அவளோடுதான் குடித்தனம்.

பிறந்தது 1896, இதே ஊர். முழுப்பெயர் ரூத் கார்டன் ஜோன்ஸ். அப்பா கப்பலில் இருந்தவர், பிற்பாடு குழந்தை உணவு செய்யும் ஆலையில் மேஸ்திரி. பாஸ்டனில் ஒரு இசை நாடகம் பார்த்துவிட்டு வந்த பெண், நானும் நடிகையாவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம்தான் கூட. அழகி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 1914இல் நியூயார்க் போய் அமெரிக்கன் அகாடமி ஆஃப் டிராமாட்டிக் ஆர்ட்ஸில் சேர்ந்தாள். ஒரு வருஷம் கழித்து, உனக்கு நடிப்பு வராது, வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்குப் போகவில்லை. அதே 1915 டிசம்பரில் பிராட்வேயில் ‘பீட்டர் பேன்’ நாடகத்தில் நிப்ஸ் என்ற பொடிப்பையன் வேஷம். அன்றைய பெரிய நட்சத்திரம் மாட் ஆடம்ஸ்தான் பீட்டர் பேன். நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் உல்காட் தன் விமர்சனத்தில் இவளுக்கும் ஒரே ஒரு வரி ஒதுக்கினார், நிப்ஸாக வந்த ரூத் கார்டன் வெகு குதூகலம் என்று. கல்லூரிப் பத்திரிகையில் உன் பெயர் வந்த அன்று நீ அந்தப் பக்கத்தை எத்தனை நாள் பையில் வைத்துக்கொண்டு சுற்றினாய்? அப்படித்தான் இருந்திருக்கும் அவளுக்கும்.

சரி, கால் விஷயம். அவளுக்குக் கால்கள் வில்லாக வளைந்திருந்தன. மேடையில் கதாநாயகியாக நிற்க இது ஆகாது என்று தீர்மானித்து, இரண்டையும் உடைத்து நிமிர்த்திக் கட்டச் செய்தாள். அப்போது வயது 24. அப்படியொரு பிடிவாதம் எனக்குப் புரியவில்லை, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. வளைந்த காலோடு நடிக்க ஒரு வேஷம் எழுதிக் கொடுக்க நியூயார்க்கில் ஆளே இல்லையா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. முதல் கணவர் கிரெகரி கெல்லியும் நடிகர்தான், 1927இல் இதய நோயில் இறந்துபோனார். இரண்டு வருஷம் கழித்து, நாடகத் தயாரிப்பாளர் ஜெட் ஹாரிஸுக்கும் இவளுக்கும் கல்யாணம் இல்லாமலே ஒரு பிள்ளை பிறந்தான். அந்தக் காலத்தில் அதைத் தாங்கி நிற்கவும் அதே பிடிவாதம் வேண்டியிருந்திருக்கும்.

மேடையில் ஏறுமுகம்தான். 1936இல் லண்டன் ஓல்ட் விக் அரங்கில் ‘தி கன்ட்ரி வைஃப்’. அடுத்த வருஷமே பிராட்வேயில் இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தில் நோரா. தார்ன்டன் வைல்டர் அந்தத் தயாரிப்புக்காகவே புதிதாக எழுதிக் கொடுத்த வடிவம் அது. 1955இல் அதே வைல்டரின் ‘தி மேட்ச்மேக்கர்’ நாடகத்தில் டாலி லெவி என்ற கல்யாணத் தரகி, பிராட்வேயில் மட்டும் 486 காட்சிகள். ஒரே வசனத்தை ஒருத்தி 486 தடவை புதிதாகச் சொல்லியிருக்கிறாள். நாம் மூன்று தடவை போட்டதற்கே நாலாவது நாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

ஆனால் அந்த நோராவைப் பார்க்க எனக்கு வழியில்லை. டாலியையும்தான். புகைப்படங்கள் இருக்கின்றன, விமர்சனங்கள் இருக்கின்றன, எத்தனை காட்சி என்ற கணக்கு இருக்கிறது. அவள் எப்படித் திரும்பினாள், எந்த இடத்தில் மூச்சை நிறுத்தினாள் என்பதெல்லாம் அன்றைக்கு டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்களோடு போய்விட்டது. சினிமா என்று பார்த்தால் 1940க்கும் 1943க்கும் நடுவில் ஐந்தாறு படம், லிங்கனின் மனைவி மேரியாக ஒன்று. அதற்குப் பிறகு 22 வருஷம் திரையில் ஆளையே காணோம்.

அந்த 22 வருஷமும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. 1942இல் கார்சன் கேனினைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் இவளைவிடப் பதினாறு வயது சின்னவர்! இருவரும் சேர்ந்து திரைக்கதை எழுதினார்கள். கேதரின் ஹெப்பர்னும் ஸ்பென்சர் டிரேசியும் நடித்த ‘ஆடம்ஸ் ரிப்’ இவர்கள் எழுதியதுதான். கணவன் அரசு வக்கீல், மனைவி எதிர்த்தரப்பு வக்கீல், நீதிமன்றச் சண்டை வீட்டுக்கும் வந்துவிடும். மூன்று படத்துக்கு இவர்கள் எழுத்து ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. தன் பெண்பருவக் கதையை ஒரு நாடகமாக எழுதினாள், அதுவும் 1953இல் சினிமாவானது. ரூத்தாக ஜீன் சிம்மன்ஸ், அப்பாவாக ஸ்பென்சர் டிரேசி. நடிகையாகப் போகிறேன் என்று நிற்கிற மகளிடம் அந்த அப்பா, தான் கப்பலில் வைத்திருந்த தொலைநோக்கியை எடுத்து, இதை விற்றுக்கொள் என்று கொடுப்பார். எனக்கு உன் அப்பா ஞாபகம்தான் வந்தது. நாடகம் முடிந்து நமக்காகக் கல்லூரி வாசலில் சைக்கிளோடு நிற்பாரே, ஒரு வார்த்தை பாராட்டாமல்.

இப்போது முக்கியமான இடம். 1965இல் ‘இன்சைட் டெய்சி குளோவர்’ படத்தில் நாட்டலி வுட்டுக்கு அம்மாவாக வந்தாள். மூன்று வருஷம் கழித்து ‘ரோஸ்மேரீஸ் பேபி’. அதில் இவள் அடுத்த வீட்டுக்காரி, மின்னி. தெருவுக்குத் தெரு இருப்பாளே, கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்து, சாமானையெல்லாம் தொட்டுப் பார்த்து என்ன விலை என்று கேட்கிறவள். பக்கத்து வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருக்கிறாள் என்று தெரிந்ததும் தினம் ஒரு தம்ளரில் ஏதோ பச்சிலைச் சாறு கொண்டுவந்து, குடிக்கிறவரை எதிரிலேயே நிற்கிறாள். அவள் யார், எதற்கு வருகிறாள் என்பது மெல்ல மெல்லத்தான் தெரிகிறது. பயமுறுத்துகிறவள் மாதிரி ஒரு இடத்தில்கூட முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. வளவளவென்று பேசுகிறாள், கன்னத்தில் ரூஜ் திட்டுத்திட்டாக அப்பியிருக்கிறாள், அவ்வளவுதான். நான் ராத்திரி எழுந்து தண்ணீர் குடிக்கப் போகவே யோசித்தேன்.

கடைசிக் காட்சியில் அந்தப் பெண்ணின் கையிலிருந்து கத்தி நழுவி மரத்தரையில் குத்திக்கொண்டு நிற்கும். கூடத்தில் எல்லாரும் உறைந்துபோயிருக்கிற நேரம். மின்னி வருகிறாள், கத்தியைப் பிடுங்குகிறாள், தரையில் விழுந்த வடுவை விரலால் தேய்த்துப் பார்க்கிறாள்! உலகமே புரண்டு கிடக்கிறது, இவளுக்குத் தரை கெட்டுப்போன கவலை. அந்த ஒரு தேய்ப்பை நான் நிறுத்தி நிறுத்தி ஐந்து தடவை பார்த்தேன். வசனமே இல்லாமல் ஒரு ஆளை முழுசாகக் காட்டிவிட்டுப் போகிற அந்தக் கை ஐம்பது வருஷம் மேடையில் பழகிய கை. எனக்குச் சந்தேகமே இல்லை.

1969 ஏப்ரலில் அதற்காக அவளுக்கு ஆஸ்கர் கிடைத்தது, துணை நடிகை விருது. வயது 72. மேடையேறி, இது மாதிரி ஒன்று எவ்வளவு உற்சாகம் தருகிறது என்று சொல்லி மாளாது என்றாள். அரங்கமே சிரித்தது. 1915இல் முதல் படத்தில் தலைகாட்டினேன், இப்போது 1969, ஏன் இவ்வளவு நாள் ஆயிற்றோ தெரியவில்லை, நான் ஒன்றும் மந்தமில்லை என்றுதான் நினைக்கிறேன் என்றாள். கடைசியில், ஓட்டுப் போட்டவர்களுக்கு நன்றி, போடாதவர்கள் மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள்.

இதைச் சொல்கிறவர்கள் எல்லாரும் ‘எழுபத்திரண்டு வயதில் வெற்றி’ என்றுதான் சொல்கிறார்கள். என் மகளும் அப்படித்தான் சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெற்றி அவளுக்கு முப்பது வயதிலேயே வந்தாயிற்று, நாற்பதில் லண்டனே வந்து பார்த்தது. கேமரா வந்து சேரத்தான் எழுபதாயிற்று. அது தாமதமாக வந்ததற்கு அவள் தாமதமாக மலர்ந்தவள் என்று பெயர் வைத்தால் எப்படி?

இப்போது புரிகிறதா நான் எங்கே வருகிறேன் என்று? அந்தக் கல்லூரி விழாவில் நீ மாமியாராக வந்து, வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, ஒரு வார்த்தை பேசாமல் மருமகளைப் பார்த்தபடி சுண்ணாம்பு தடவினாயே, முழு நிமிஷம் ஓடியிருக்கும். கூட்டம் சிரித்து ஓய்ந்து மறுபடி சிரித்தது. மூன்று நாளும் கூட்டத்துக்கு ஏற்றமாதிரி அந்த நேரத்தை நீட்டினாய், குறைத்தாய். ஓரத்தில் நின்ற எனக்கு அடுத்த வரியே மறந்துபோயிற்று. போட்டோ எடுக்க வந்தவர் பிலிம் தீர்ந்துவிட்டது என்று முதல்வர் உரையோடு போய்விட்டார், ஒரு படம்கூட நம்மிடம் இல்லை. அதைப் பார்த்தவர்களில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறோமோ. நான் இருக்கிறேன்.

ஆகவே அந்தப் பையனிடம் கதையை வாங்கிப் படி. ஆனால் சும்மா தலையாட்டிவிடாதே. சுவரில் சாய்ந்து, ‘சாப்பிட்டியா கண்ணு’ என்று கேட்டுவிட்டு மூன்றாம் நிமிஷம் செத்துப்போகிற பாட்டி என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு. ரூத் கார்டன் நடித்த கிழவிகளில் ஒருத்திகூட அப்படிச் சும்மா இருக்கவில்லை. 1971இல் ‘ஹெரால்ட் அண்ட் மாட்’ என்று ஒரு படம். எண்பதை நெருங்குகிற மாட் அடுத்தவன் காரை எடுத்து ஓட்டுவாள், நகரத்துத் தெருவில் வாடுகிற மரத்தைப் பிடுங்கிக்கொண்டுபோய்க் காட்டில் நடுவாள். இருபது வயதுப் பையன் அவளைக் காதலிப்பான். கேட்க அபத்தமாக இருக்கிறதா? எனக்கும் முதல் அரை மணி நேரம் நெளிந்தது. பிறகு ஒரு காட்சியில் அவள் கையில் பச்சை குத்திய எண் ஒரு கணம் தெரியும். நாஜி முகாமில் குத்திய எண். அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், படம் நகர்ந்துவிடும். எனக்குத்தான் நகரவில்லை. வெளியானபோது படம் படுதோல்வி. பிறகு பழைய படம் போடுகிற கொட்டகைகளில் மெல்லப் பிடித்து, மினியாபொலிஸ் பக்கம் ஒரு கொட்டகையில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியதாம். வேறு படம் போடு என்று அக்கம்பக்கத்துக்காரர்கள் பதாகை பிடித்துப் போராடினார்களாம்!

அதற்குப் பிறகும் அவள் ஓயவில்லை. கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் ஓராங்குட்டான் படத்தில் குரங்கோடு மல்லுக்கு நின்றாள், 1979இல் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு எம்மி வாங்கினாள். அவையெல்லாம் எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. தன் பெயர் வைத்த அந்தப் பூங்கா மேடையை 1984இல் பார்த்துவிட்டாள். அடுத்த ஆகஸ்டில், 88 வயதில், இங்கிருந்து தூரமில்லாத ஒரு தீவில் இறந்துபோனாள்.

நேற்று அந்த மேடைக்குப் பேத்தியைக் கூட்டிப்போனேன். யாருமில்லை, இரண்டு வாத்து மேய்ந்துகொண்டிருந்தன. ‘ஏறி ஏதாவது செய்து காட்டு பாட்டி’ என்றாள். ஏறிவிட்டேன், என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் உன் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தேன். சுண்ணாம்பு தடவுவதற்குள் அவள் வாத்தைத் துரத்தப் போய்விட்டாள். எனக்கு அந்த நேரம் பிடிபடவே இல்லை, வசந்தா. எத்தனை எண்ணுவாய் நீ? பத்தா, பன்னிரண்டா? அடுத்த கடிதத்தில் எழுது.

ஆபரேஷன் தேதி முடிவானதும் போன் பண்ணு. நான் நவம்பர் கடைசியில் வந்துவிடுவேன். படப்பிடிப்பு அதற்குப் பிறகு என்றால் கூடவே வருகிறேன், குடையும் பிளாஸ்க்கும் தூக்க ஆள் வேண்டுமில்லையா.

உன்,
ஜானகி