ஆயா வைக்காத விளக்கு

தெருக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்ரோல் கேன் சாய்ந்த கதையை மறுபடி சொல்லப் போவதில்லை. பாதிப் பேர் மண்ணும் வாளியுமாக அங்கேதான் நின்றீர்கள். மீதிப் பேருக்கு வாடையே சொல்லியிருக்கும். இரண்டு நாளாகியும் என் விரலில் பெட்ரோல் வாடை போகவில்லை. சோற்றைக் கையால் பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் நல்ல சேதி. வண்டி ஓடுகிறது. மிக்ஜாம் வெள்ளத்தில் மூழ்கியதிலிருந்து தார்ப்பாய்க்குள் கிடந்த அப்பாவின் 1997 மாருதி 800, நேற்று நாலாவது தடவை செல்ஃப் அடித்ததும் பிடித்துக்கொண்டது. அம்மா அழுதுவிட்டார்.

இதில் கை கொடுத்தவர்கள் பலர். பெட்ரோல் டேங்கில் ஒரு கை ஜல்லியைப் போட்டு, வினிகர் ஊற்றி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து உருட்டிக் குலுக்கிய மாடி வீட்டுப் பையன்கள். வெளியே வந்த துருத் தண்ணீர் ரசம் மாதிரி இருந்ததை வீடியோ எடுத்ததும் அவர்கள்தான். உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு (டயாப்ரம்) கிழிந்த பெட்ரோல் பம்ப்புக்குச் சரியான கிட் தேடி என்னோடு புதுப்பேட்டையில் நாலு கடை ஏறி இறங்கிய நண்பர். "இன்ஜின் ஆயில் பாக்குற டிப் ஸ்டிக்கை மோந்து பாரு, பெட்ரோல் வாடை அடிச்சா ஆயிலையும் மாத்து" என்று போனிலேயே சொன்ன மெக்கானிக் அண்ணன். அப்புறம் டேங்கில் இருந்த ஓட்டையை அடைத்துக் கொடுத்த ரேடியேட்டர் பட்டறைக்காரர். "காலி டேங்க்தான் தம்பி ஆபத்து, உள்ள ஆவி நிக்கும். கேஸ் வெல்டிங் வைக்கவே மாட்டேன்" என்று திருப்பி அனுப்பினார். சோப்புத் தண்ணீரில் மூன்று முறை கழுவிக்கொண்டு போன பிறகுதான் தொட்டார். அப்போதும் ஓட்டைக்குக் கொஞ்சம் கீழ் வரை தண்ணீர் நிரப்பி, காய்ச்சிய இரும்பால் ஈயம் வைத்துத்தான் அடைத்தார். எல்லோருக்கும் நன்றி.

ஆனால் நான் உட்கார்ந்து எழுதுவது கீழ் வீட்டு ஆயாவுக்காக.

கார்த்திகை முதல் தேதிதான் டேங்கைக் கழற்றினேன். அது கிடந்த இடம் ஆயாவின் வாசல்படியிலிருந்து ஐந்தடி. பீடி, சிகரெட் யாரும் பிடிக்கக் கூடாது என்று அட்டையில் எழுதி மாட்டினேன். கரண்ட் லைனை அணைத்துவிட்டு டார்ச்சில் வேலை பார்த்தேன். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனம், தரையோடு தண்ணீர் மாதிரி ஓடும் என்று பையன்களுக்கு வகுப்பு வேறு எடுத்தேன். இவ்வளவு யோசித்தவனுக்கு, கார்த்திகை மாசம் வாசல்தோறும் அகல் விளக்கு வைப்பார்கள் என்பது மட்டும் தோன்றவில்லை.

கேன் சாய்ந்தது ஆறேகால் மணிக்கு. விளக்கு வைக்கிற நேரம். பெட்ரோல் ஆயா வாசலை நோக்கித்தான் ஓடியது. நிமிர்ந்து பார்த்தேன். தெரு முழுக்க விளக்கு, ஆயா வாசலில் மட்டும் இல்லை. அதற்குள் நீங்கள் எல்லோரும் ஓடிப்போய் உங்கள் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டீர்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

மறுநாள் போய்க் கேட்டேன்.

"ஏம்ப்பா, நீ அங்க பெட்ரோல் டப்பாவோட உக்காந்திருக்க, நான் எப்படி விளக்கு வைப்பேன்? பின்னாடி துவைக்கிற கல்லு மேல வச்சிட்டேன். சாமிக்கு முன்பக்கம் பின்பக்கம் தெரியாதா?"

பன்னிரண்டு நாள். மழைத் தூறலில் முந்தானையால் மறைத்துக்கொண்டு பின்கட்டுக்கு இரண்டு அகலை எடுத்துப் போயிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் கேட்டிருந்தாலும் நான் "தோ ஆயா, நாளைக்கு முடிஞ்சிடும்" என்றுதான் சொல்லியிருப்பேன். அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

இனி நம் சந்தில் பெட்ரோல் வேலை கிடையாது. தீயணைப்பான் ஒன்று வாங்கி கேட்டுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் ஊறிப்போகிறது என்று அண்ணன் சொன்னதால் ஹோஸ் எல்லாமே புதுசு. இருந்தாலும் மாசம் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்கிறேன், கவலை வேண்டாம்.

இந்த மாச விளக்கெண்ணெய்ச் செலவு என்னுடையது என்றேன். ஆயா ஒப்புக்கொள்ளவில்லை. திருவொற்றியூரில் ஆதிபுரீஸ்வரருக்குக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி வருஷத்தில் மூன்று நாள்தான் லிங்கத்தின் மேலுள்ள கவசத்தைத் திறப்பார்கள், அதற்குக் கூட்டிப் போ, போதும் என்றார்.

வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம். ஆயா முன் சீட்டு. பின்னால் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது, வருகிறவர்கள் புதன் ராத்திரிக்குள் சொல்லுங்கள்.