முதல் கயாக் வாங்கப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

மீன்பிடிக்க வாங்கலாம் என்று நீ அனுப்பிய கயாக் படங்களைப் பார்த்தேன். எது நல்லது என்று கேட்டிருக்கிறாயே தவிர, காலால் மிதித்து ஓட்டுகிற அந்த 14 அடி பெடல் கயாக்கை, அந்தக் குறுகலான சின்னப் படகை, மனதுக்குள் வாங்கியே விட்டாய் என்று தெரிகிறது. நல்ல படகுதான். ஆனால் முதல் கயாக்காக அது வேண்டாம். துடுப்பால் வலிக்கிற, 12 அடி கயாக் ஒன்றை வாங்கு.

எடையில் இருந்து தொடங்குகிறேன், கடையில் அதை யாரும் முதலில் சொல்வதில்லை. அந்த அளவுள்ள பெடல் கயாக்குகள் இருக்கை, பெடல், சுக்கான் எல்லாம் மாட்டினால் 60 கிலோவைத் தாண்டும். நீ டெக்சஸ் லீக் சிட்டியில் மாடி வீட்டில் இருக்கிறாய், கார் கொரோலா. அதன் கூரையில் 60 கிலோவைத் தனியாக ஏற்ற முடியாது. டிரெய்லர் வாங்க வேண்டும், டிரெய்லர் நிறுத்த இடம் வேண்டும், வேலை முடிந்து மாலையில் ஒரு மணி நேரம் போய் வரலாம் என்ற நினைப்பே வராது. 12 அடி துடுப்புக் கயாக் 30 கிலோ சுமாருக்குக் கிடைக்கும். முன்முனையைக் கூரையில் சாய்த்துவிட்டுப் பின்னால் இருந்து தூக்கித் தள்ளினால் ஏறிவிடும். நானே தனியாகத்தான் ஏற்றுகிறேன். வைக்க இடமில்லை என்று யோசிக்காதே, எங்கள் கராஜ் சுவரில் இன்னொன்றுக்கு இடம் இருக்கிறது.

அடுத்தது, நீ போகப்போகும் தண்ணீர். பே ஏரியா பார்க்கில் இறங்கினால் ஆர்மண்ட் பாயூ. பாயூ என்றால் மெதுவாக ஓடும் சதுப்பு ஓடை. முன்பு மிடில் பாயூ என்று பெயர். அதைக் காப்பாற்றப் பாடுபட்ட ஆர்மண்ட் இரமட்டேகி 1970இல் கொல்லப்பட்ட பிறகு அவர் பெயரை வைத்தார்கள். இத்தனை வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நடுவில் அந்தக் காடும் சதுப்பும் மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம், அங்கே போகும்போது அவரை நினைத்துக்கொள். ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாத தண்ணீர், இரண்டு பக்கமும் மரம், விழுந்து கிடக்கும் கிளைகள். கிளைகளுக்கு இடையே நுழைந்து திரும்பி வர 12 அடியே போதும், 14 அடி இடிக்கும். முதலை உண்டு. நாம் சும்மா இருந்தால் அதுவும் பெரும்பாலும் சும்மா இருக்கும், ஆனால் பிடித்த மீனைக் கயிற்றில் கோத்துப் பக்கவாட்டில் தொங்க விடாதே.

பாயூ அலுத்த பிறகு நீ போகப்போவது கால்வெஸ்டன் தீவுக்குப் பின்னால் வெஸ்ட் பே என்கிற விரிகுடா, இன்னும் தள்ளிக் கிறிஸ்மஸ் பே. ரெட்ஃபிஷ் என்கிற மீன் அங்கே முழங்கால் ஆழத்துக்கும் குறைவான நீரில் மேயும், சில நேரம் வால் வெளியே தெரியும். நம் ஊர்க் கத்தாளைக் குடும்பம்தான் அது. ஸ்பெக்கிள்ட் டிரவுட் என்கிறார்களே, அதுவும் அதே குடும்பம். அந்த இடங்களில் அடியில் கடற்புல்லும் சிப்பிப் பாறையும். அடியில் விசிறி சுழலும் பெடல் புல்லில் சுற்றிக்கொள்ளும், சிப்பியில் இடித்தால் உடையும். விசிறிக்குப் பதில் மீன் துடுப்பு மாதிரி இரண்டு தகடு அடிக்கிற பெடல், ஹோபி கம்பெனியின் மிராஜ் டிரைவ், 1997இலேயே வந்துவிட்டது, ஒரு பெடலை முன்னே தள்ளினால் இரண்டு தகடும் அடிப்பாகத்தோடு ஒட்டிக்கொள்ளும். விசிறியை விட அது தேவலை. ஆனாலும் ஒரு சாண் தண்ணீரில் துடுப்புக் கயாக் போகிற மாதிரி எதுவும் போகாது. திறந்த விரிகுடாவில் தூண்டிலைக் கையில் வைத்துக்கொண்டே காற்றை எதிர்த்துப் போகப் பெடல் பெரிய உதவி, அதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே நீ இப்போது போகவே கூடாது.

ஏனென்றால் காற்று. கால்வெஸ்டன் பேயின் சராசரி ஆழம் 2 மீட்டர் சுமார்தான். அதனால் காற்று கொஞ்சம் ஏறினாலே குட்டையான, நெருக்கமான அலை எழும்பும். ஏற்றவற்றம் இங்கே பெரும்பாலும் ஓரிரு அடிக்குள் அடங்கிவிடும், தண்ணீரை நகர்த்துவது பெரும்பாலும் காற்றுதான். குளிர்காலத்தில் வாடை பலமாக அடித்தால் விரிகுடாத் தண்ணீரைக் கடலுக்குத் தள்ளிவிடும், காலையில் மிதந்து போன இடத்தில் மாலையில் சேறு மட்டும் இருக்கும். கிளம்பும்போது காற்றை எதிர்த்துப் போ, களைத்துத் திரும்பும்போது அது உன்னைத் தள்ளிக்கொண்டு வரட்டும். இருக்கை ரொம்ப உயரமாக இருந்தால் அதுவே பாய் மாதிரி காற்றைப் பிடிக்கும், உயர்த்தவும் தாழ்த்தவும் முடிகிற இருக்கையாகப் பார்.

சிட்-ஆன்-டாப் என்கிற, மேலே உட்காரும் வகைதான் வாங்க வேண்டும். கட்டுமரத்தில் ஏறிய தண்ணீர் இடுக்கு வழியே தானாக இறங்குவது போல, இதிலும் துளைகள் வழியே வடிந்துவிடும். உள்ளே கால் நீட்டி உட்காரும் வகை கவிழ்ந்தால் தண்ணீர் நிரம்பும், ஆழத்தில் தனியாள் அதை இறைத்து ஏறுவது கஷ்டம். அகலம் 32 முதல் 34 அங்குலம் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் எழுந்து நின்று தூண்டில் வீசலாம், ஆனால் ஒவ்வொரு துடுப்பு வீச்சுக்கும் கை வலிக்கும். சுமை அளவு என்று எழுதியிருப்பதில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் நம்பு, உன் எடை, ஐஸ் பெட்டி, தண்ணீர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். சின்ன மோட்டார் மாட்டலாமா என்றாயே, மாட்டினால் டெக்சஸில் பதிவு செய்ய வேண்டும். இப்போதைக்கு விடு.

மிச்சமாகும் பணத்தில் நல்ல துடுப்பு வாங்கு. இந்த அகலத்துக்கு 240 முதல் 260 செ.மீ. நீளம் சரி, எடை குறைந்ததாக இருக்க வேண்டும். அப்புறம் லைஃப் ஜாக்கெட். படகில் இருந்தால் போதும் என்று சட்டம் சொல்லலாம், அக்கா சொல்வது உடம்பில் இருக்க வேண்டும், கொக்கிகள் பூட்டியிருக்க வேண்டும். விசில் ஒன்று, இருட்டினால் வெள்ளை விளக்கு ஒன்று. காலில் தடித்த அடி உள்ள ஷூ. சிப்பி கீறிய காயத்தில் கோடைகால உப்புநீர் பட்டால் விப்ரியோ கிருமி ஏறலாம், ஓரிரு நாளில் ஆளையே சாய்த்துவிடும். காயம் சிவந்து வீங்கினால் எனக்கு போன் செய்துகொண்டிருக்காமல் நேராக எமர்ஜென்சிக்குப் போ.

மீன்பிடி உரிமத்தில் உப்புநீர் அனுமதியும் சேர்த்து எடு. இங்கே ரெட்ஃபிஷ் 20 முதல் 28 அங்குலத்துக்குள் இருந்தால்தான் எடுக்கலாம், ஒரு நாளைக்கு மூன்று. அதைவிடப் பெரியது ஒன்றை எடுக்க உரிமத்தோடு ஒரு டேக், அதாவது அடையாளச் சீட்டு, வரும். ஹூஸ்டனுக்குக் கப்பல் போகும் கால்வாயான ஷிப் சேனல் பக்கம் பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுவராதே. மீனில் டையாக்ஸின், பிசிபி என்கிற நச்சு இரசாயனங்கள் இருப்பதாக மாநில சுகாதாரத் துறையின் எச்சரிக்கை அங்கே உண்டு, உன் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறாள்.

புதிதே வேண்டும் என்றில்லை, பழையதும் நன்றாகவே கிடைக்கும். பின்முனையின் அடியைத் தடவிப் பார், தரையில் இழுத்து இழுத்து அங்கேதான் தேயும். வடிகால் துளைகளின் ஓரத்தில் விரிசல் இருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடு. அதற்கு முன்னால் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு பே ஏரியா பார்க்குக்கு வா, என்னுடையதைத் தருகிறேன். இடுப்பளவு தண்ணீரில் வேண்டுமென்றே விழுந்து, திரும்ப ஏறிப் பழக வேண்டும். மாற்றுத் துணி கொண்டு வா.

அன்புடன்,
அக்கா