பரமக்குடி சாலைப் பணியும் மீன் வண்டி வந்துசேரும் நேரமும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மண்டபத்தில் ஏலம் எடுத்து, உச்சிப்புளியில் ஐஸ் வைத்துக் கட்டி, பரமக்குடி, மானாமதுரை, மதுரை ஆகிய ஊர்களில் உள்ள உங்கள் உணவகங்களுக்கும் வீடுகளுக்கும் நாங்கள் அனுப்பும் மீன் முழுவதும் தேசிய நெடுஞ்சாலை 87 வழியாகவே வருகிறது. மதுரையிலிருந்து பரமக்குடி வரை இச்சாலை முன்பே நான்குவழியாகிவிட்டது. பரமக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் இடைப்பட்ட 46.7 கிலோமீட்டரையும் நான்குவழியாக்க, 1,853 கோடி ரூபாய் மதிப்பீட்டில் மத்திய அமைச்சரவை 2025 ஜூலை 1 அன்று ஒப்புதல் அளித்தது. வேலை முடிந்தால் முதலில் நிம்மதி அடையப்போகிறவர்கள் எங்கள் ஓட்டுநர்கள்தாம். ஆனால் வேலை நடக்கும் காலத்தில், "காலை எட்டு மணிக்கு வண்டி வாசலில் நிற்கும்" என்று பழையபடி சொல்ல எங்களால் இயலாது. அதன் காரணத்தையும், இனி நேரத்தை எப்படிக் கணிக்கப்போகிறோம் என்பதையும் விளக்கவே இம்மடல்.

சிறுபாலம் கட்டும் இடங்களில் சாலையின் ஒரு பாதியை அடைத்து, மறு பாதியில் இரு திசை வண்டிகளையும் மாற்றி மாற்றி விடுவது வழக்கம். அப்படி அரை கிலோமீட்டர் அடைபட்டிருந்தால், 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கடைசி வண்டி அதைக் கடக்க ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடம் எதிர்ப்பக்கம் நின்றுதான் ஆக வேண்டும். இது எந்தக் கருவியாலும் குறையாது. குறைக்கக்கூடியது வேறொன்று. கொடி பிடித்து நிற்பவருக்கு மறுமுனையின் வரிசை கண்ணில் படாது. கையில் வாக்கி-டாக்கி இருந்தாலும், அங்கே நாற்பது வண்டிகள் காத்திருக்க, இங்கே ஆளில்லாத சாலைக்குப் பச்சைக்கொடி காட்டிக்கொண்டிருப்பது நடக்கிறது. ராடார் பொருத்திய தற்காலிக சிக்னல்கள் பயன்படுவது இங்கேதான். இரு முனைகளிலும் நிற்கும் விளக்குகள் கம்பியில்லாமல் தமக்குள் தகவல் பரிமாறிக்கொண்டு, ஒரு பக்கம் வண்டி வருவது நின்றதும் பச்சையை முடித்து மறுபக்கத்துக்குக் கொடுத்துவிடுகின்றன. வரிசையின் வால் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே காட்டும் மின்பலகைகளும் உண்டு. இரவில் பாரம் ஏற்றி வரும் எங்களைப் போன்றவர்களுக்கு, சிக்னலைவிட இந்தப் பலகையே பெரிது என்பது என் எண்ணம், ஏனெனில் வளைவு தாண்டியதும் நின்றுகொண்டிருக்கும் லாரியின் பின்புறம் திடீரென்று தெரிவதுதான் இப்படிப்பட்ட சாலைகளில் உயிரை வாங்குவது. இத்தனையும் இருந்தாலும், வரிசையை விட்டு விலகி எதிர்த்தடத்தில் ஏறி வந்து ஒருவர் முட்டி நின்றுவிட்டால், ராடாருக்கு அங்கே வேலையில்லை.

இவை வைக்கப்படும் என்று நம்பி உங்களுக்கு நேரம் குறிப்பது முறையாகாது. எங்கள் கையில் இருப்பவை வண்டியில் உள்ள ஜி.பி.எஸ். கருவியும் கைப்பேசி வரைபடமும் மட்டுமே. சாலையில் செல்லும் கைப்பேசிகளின் வேகத்தைத் திரட்டித்தான் கூகுள் மேப் சிவப்பும் பச்சையும் காட்டுகிறது. ஆகவே நேற்று இரவு திறந்த மாற்றுப்பாதை அதற்குத் தெரியாமல் போகலாம். நெரிசல் கண்டவுடன் உத்தரகோசமங்கை, முதுகுளத்தூர் வழியைக் காட்டினால், எல்லோரும் அந்தக் குறுகிய சாலையில் திரும்பி, ஆட்டு மந்தைக்குப் பின்னால் வரிசை கட்டி நிற்பதும் உண்டு. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேஸ்வரம் நோக்கி வரும் கூட்டத்தைப் பஞ்சாங்கம் ஓர் ஆண்டு முன்பே சொல்லிவிடுகிறது. மேப் அன்று காலையில்தான் சொல்லும்.

அதனால் நாங்கள் வேறு கணக்கைக் கையாள்கிறோம். எங்கள் வண்டி கடைசியாகச் சென்று வந்த பத்துப் பயணங்களில், ஒன்பது பயணங்கள் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தனவோ, அதையே உங்களுக்குச் சொல்லும் கடைசி நேரமாக வைத்துக்கொள்கிறோம். சராசரியைச் சொன்னால் பாதி நாள்கள் நாங்கள் பொய்யர்களாவோம். முன்பு ஒரு முறை சராசரியை நம்பித்தான் ஒரு கல்யாண வீட்டுக்கு வாக்குக் கொடுத்தோம். வஞ்சிரம் வந்துசேர்ந்தபோது அடுப்பில் குழம்பு கொதித்துக் காத்திருந்தது. இனி "ஏழரை முதல் ஒன்பது வரை" என்பது போல இரண்டு எல்லைகளைச் சொல்லுவோம். வண்டி ராமநாதபுரம் தாண்டியதும் அது இருக்குமிடம் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடும். ஓட்டுநரை அழைக்க வேண்டாம், ஓட்டும்போது அவர் எடுக்கமாட்டார்.

அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்ட வண்டி இனி மூன்று மணிக்கே புறப்படும். மீனும் ஐஸும் சம எடை என்ற பழைய கணக்குக்கு மேல் ஒரு அடுக்கு ஐஸ் கூடுதலாக வைக்கிறோம். அதற்கு விலையேற்றம் இல்லை. தெர்மாகோல் பெட்டியில் தண்ணீர் சற்று அதிகமாக நின்றால் மீன் பழையது என்று கொள்ளாமல், செவுளைத் திறந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். உயிர் நண்டு மட்டும் இத்தனை காத்திருப்பைத் தாங்காது என்பதால், அதை இரவு வண்டியில் மட்டுமே அனுப்புவோம். வேண்டுவோர் முதல்நாள் மதியத்துக்குள் சொல்லிவிட வேண்டும். அந்த இரண்டு அமாவாசை நாள்களிலும் காலை வண்டி ஓடாது, முந்தைய நாள் மாலையே பெட்டிகள் வந்துசேரும்.

இப்படிக்கு,
நிர்வாகத்தார்,
உச்சிப்புளி